10/22-ஆ, மார்லின் 60-ஆ? முதல் .22 ரைஃபிள் வாங்குகிறவர்களுக்கு

ரேஞ்சுக்கு என்னோடு வந்துபோன நண்பர்களில் மூன்று பேர் இந்த வருடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதல் ரைஃபிளாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் .22 வாங்கலாம் என்றிருக்கிறேன், புது ரூகர் 10/22 எடுக்கவா, பழைய மார்லின் 60 ஒன்று மலிவாக வருகிறது, அதை எடுக்கவா? (செமி ஆட்டோமேட்டிக் என்றால், ட்ரிகரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவைச் சுட்டுவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்வது.) என்னிடம் இரண்டும் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் நான் போகும் ரேஞ்சில் பாதிப் பேரிடம் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

துப்பாக்கிக்கு முன்னால் சட்டம். நம்மவர்கள் நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. சொந்தமாக வாங்கினால்தான் சிக்கல் என்று நினைக்காதீர்கள், ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் வரும். க்ரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும், ரைஃபிள் வாங்குபவருக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும். இதற்கு மேல் மாநிலச் சட்டம் தனி. நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற இடங்களில் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டாக்களை வைக்கும் பெட்டி) கூடாது. உங்கள் நிலை கொஞ்சம் குழப்பமாக இருந்தால் கடைக்காரரைக் கேட்காதீர்கள், வக்கீலைக் கேளுங்கள்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

இரண்டிலும் போடுவது .22 லாங் ரைஃபிள் தோட்டா, அது 1887இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இதில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால்தான். மலிவு, உதை இல்லை, சத்தம் குறைவு, பழகுவதற்கு இதைவிட நல்லது கிடையாது. இரண்டு குறைகளும் உண்டு. ஈயக் குண்டின் மேல் மெழுகோ எண்ணெயோ பூசியிருப்பதால் உள்ளே அழுக்கு சீக்கிரம் சேரும். அப்புறம், ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் குணம் மாறும். கீழே நான் சொல்லப்போகும் பல விஷயங்களுக்கு இந்த இரண்டும்தான் காரணம்.

மார்லின் 60 வந்தது 1960இல், 10/22 வந்தது 1964இல். மார்லினை கனெக்டிகட் மாநிலத்தின் நார்த் ஹேவனில் பல பத்தாண்டுகள் செய்தார்கள். 2007 கடைசியில் ரெமிங்டன் என்ற இன்னொரு துப்பாக்கி நிறுவனம் அதை வாங்கியது, 2011இல் நார்த் ஹேவன் ஆலை மூடப்பட்டது. 2020இல் ரெமிங்டன் திவாலானபோது மார்லின் என்ற பெயரையே ரூகர் ஏலத்தில் எடுத்துக்கொண்டது. ஆக இன்று மார்லின் 60 வேண்டுமென்றால் பழையதைத்தான் தேட வேண்டும். தயாரான எண்ணிக்கை ஒரு கோடிக்கும் மேல் என்பதால் தேடினால் கிடைக்கும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தோட்டா போடும் விதம். மார்லினில் பேரலுக்குக் கீழே நீளக் குழாய் ஒன்று ஓடுகிறது. உள்குழாயைத் திருகி மேலே இழுத்து, பக்கத்தில் இருக்கும் துளை வழியாகத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக விட வேண்டும், 14 பிடிக்கும், பழைய மாடல்களில் இன்னும் அதிகம். மேகசினைத் தொலைக்க வழியில்லை, தனியாக வாங்கும் செலவும் இல்லை. குளிர்காலத்தில் விரல் மரத்துப்போயிருக்கும்போது அந்தச் சின்னத் தோட்டாக்களைத் துளையில் விடுவதுதான் பெரிய வேலை.

10/22இல் பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின். ஒவ்வொரு தோட்டாவும் தனித்தனிப் பள்ளத்தில் உட்காருவதால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளாது. விளிம்புள்ள தோட்டாவை அடுக்கிவைக்கும் மேகசின்களில் அடிக்கடி வரும் தொல்லை இது, சுழல் மேகசினில் அது எழுவதே இல்லை. மேகசின் வெளியே துருத்தாமல் கட்டைக்குள் (துப்பாக்கியைப் பிடிக்கும், தோளில் வைக்கும் பகுதி) அடங்கிவிடுவதால் துப்பாக்கியின் நடுவில் கைவைத்துத் தூக்கிப்போக வசதி. என் கண்ணுக்கு இந்தத் துப்பாக்கியின் மிகச் சிறந்த பாகம் அந்த மேகசின்தான்.

வீட்டில் பிள்ளைகள் பழகப்போகிறார்கள் என்றால் எனக்கு இன்னொரு காரணமும் முக்கியமாகப் படுகிறது. 10/22இல் மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் இரும்புத் துண்டு) இழுத்து, அறையை, அதாவது சுடும்போது தோட்டா உட்காரும் இடத்தை, கண்ணால் பார்த்துவிட்டால் காலியா இல்லையா என்பது தெரிந்துவிடும். மார்லினில் உள்குழாயை முழுக்க உருவித் துப்பாக்கியைச் சரித்துக் கொட்டிய பிறகும், ஏற்றும் வாய்ப்பகுதியில் ஒரு தோட்டா நின்றுகொண்டிருக்கலாம். போல்ட்டை நாலைந்து முறை இழுத்துவிட்டு, வெளிச்சத்தில் உள்ளே பார்த்தால்தான் நிச்சயம். முதல் தடவை என்னோடு வந்த பெரியவர் ஒருவர், “காலி” என்று நான் வைத்த மார்லினை எடுத்து இன்னொரு முறை போல்ட்டை இழுத்தார். ஒரு தோட்டா மேசையில் விழுந்து உருண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்தத் தோட்டாவை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்தத் துப்பாக்கியானாலும் எண்ணி ஐந்து முறை இழுக்கிறேன்.

கடைசித் தோட்டா போனதும் போல்ட் திறந்தே நிற்கும் வசதி 1980களின் நடுவிலிருந்து வந்த மார்லின்களில் உண்டு. வழக்கமான 10/22இல் இல்லை. போல்ட்டைத் திறந்து நிறுத்த ட்ரிகர் வளையத்துக்கு முன்னால் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது, பழைய அமைப்பில் அதைச் சரியான இடத்தில் அழுத்திக்கொண்டே போல்ட்டை இழுக்க வேண்டும், புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் திணறுவார்கள்.

குறி தப்பாமல் சுடுவது எது? பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஒப்பிட்டால் நான் மார்லின் பக்கம். அதன் பேரலில் குண்டைச் சுழல வைக்கும், மைக்ரோ குரூவ் என்ற 16 ஆழமில்லாத வரிகள் ஓடுகின்றன, பழைய மாடல்களில் பேரல் 22 அங்குலம், பின்னால் வந்தவற்றில் 19. என் மார்லின் 50 கஜத்தில், தாங்குமணல் பையில் வைத்துச் சுட்டால், ஐந்து தோட்டாவை ஒரு ரூபாய் நாணயம் மறைக்கும் அளவுக்குள் போடும். மாற்றம் எதுவும் செய்யாதபோது என் 10/22 அதே மேசையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பியது. அதில் பேரலின் குற்றம் பாதிதான் என்பது பிறகு தெரிந்தது. மீதிப் பாதி கனமான ட்ரிகர், நான் அதை இழுக்கும்போதே முனை அசைந்துகொண்டிருந்தது.

சுத்தம் செய்வதில் 10/22தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மேகசின் வெளியே, அறை காலி, ஊசியை அடிக்கும் சுத்தியல் இழுபட்ட நிலை. கட்டையின் அடியில் ஒரே ஒரு திருகு, முன்னால் வளையம் இருந்தால் அதைத் தளர்த்த வேண்டும். சேஃப்டி பொத்தானை இரண்டு பக்கமும் துருத்தாமல் நடுவில் நிறுத்தாவிட்டால் கட்டையிலிருந்து வெளியே வராது. இதைத் தெரியாமல் கட்டையை நெம்பி விரிசல் விட்டவர்கள் இருக்கிறார்கள். வெளியே வந்ததும் இரண்டு குறுக்கு ஆணிகள், விரல் பட்டாலே நழுவி விழும், துணி விரித்துக்கொள்ளுங்கள். ட்ரிகர் பெட்டி தனியாக வரும், பின்னால் இருக்கும் தடுப்பு ஆணியை உருவி, கைப்பிடியோடு போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் தூக்கினால் வந்துவிடும். திரும்ப மாட்டும்போது முதல் சில தடவை அந்த ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், பிறகு கை பழகிவிடும்.

மார்லினைப் பிரிப்பதும் கஷ்டமில்லை. மாட்டுவதுதான். போல்ட்டின் ஸ்பிரிங் மெல்லிசு, அதன் வழிகாட்டிக் கம்பி நழுவினால் துள்ளி ஓடும், ஓடி மடங்கினால் அந்த ஸ்பிரிங்கை நிமிர்த்திப் பயன்படுத்தக்கூடாது, புதிதுதான் போட வேண்டும். என்னுடையது ஒரு ஞாயிறு மாலை அலமாரிக்கு அடியில் போய் மடங்கியது. புது ஸ்பிரிங் தபாலில் வரும்வரை துப்பாக்கி துண்டு துண்டாக மேசையிலேயே கிடந்தது. இப்போதெல்லாம் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத்தான் அந்த வேலையைச் செய்கிறேன்.

பழைய மார்லினைப் பார்க்கப் போகிறவர்கள் பஃபரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். போல்ட் பின்னால் வந்து மோதும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு அது. வயதாக ஆக மஞ்சளாகி விரிசல் விடும், உடைந்த துண்டுகள் உள்ளே உருண்டு துப்பாக்கி சிக்கும். மாற்றுத் துண்டு மலிவுதான், ஆனால் உடைந்த பஃபரோடு ஆயிரக்கணக்கில் சுட்டிருந்தால் மற்ற பாகங்களும் அடிவாங்கியிருக்கும். ஏற்றும் வாய்ப்பகுதியின் தேய்மானம் இன்னொன்று. தோட்டாவின் மூக்கு அடிக்கடி கீறல்பட்டு மாட்டுகிறது என்றால் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. துப்பாக்கியின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. 1973க்குப் பிறகு வந்தவற்றில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100இலிருந்து கழியுங்கள். 20 என்று தொடங்கினால் 1980இல் செய்தது.

பேரலைப் பற்றி ஒரு வார்த்தை. .22இன் பேரலை ஒவ்வொரு முறையும் தேய்க்க வேண்டியதில்லை. மெல்லிய ஈய, மெழுகுப் பூச்சு படிந்த பிறகுதான் பல பேரல்கள் ஒழுங்காகச் சுடுகின்றன. தேய்க்க வேண்டியது போல்ட்டின் முகம், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடி, அறையின் வாய். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். வழக்கமான 10/22இலும் சரி, மார்லினிலும் சரி, பின்பக்கமிருந்து நேராகக் கம்பி விட வழி இல்லை, முன்னாலிருந்து இரும்புக் கம்பியை விட்டு முனையின் விளிம்பைத் தேய்த்துவிட்டால் குறி போய்விடும். பேரலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்கும் இழுவைக் கயிறு வாங்குங்கள். எண்ணெய் இரண்டு சொட்டு, அதற்கு மேல் போட்டால் அழுக்கோடு சேர்ந்து பசையாகிவிடும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது ஈயம்.

அப்கிரேடு என்று வந்தால் போட்டியே இல்லை. மார்லினுக்கு ஸ்கோப்பும் சில ஸ்பிரிங்குகளும் போடலாம், அவ்வளவுதான். 10/22இன் பேரலை வி வடிவக் கட்டை ஒன்றும் இரண்டு திருகுகளும்தான் பிடித்திருக்கின்றன, ஆலன் கீ இருந்தால் சமையலறை மேசையிலேயே மாற்றலாம். ஆனால் அங்கே தொடங்காதீர்கள். முதலில் ட்ரிகர்: ரூகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிகர் ஏறக்குறைய 2.75 பவுண்ட் இழுப்பில் விடும், சாதாரணமாக வருவது அதைப்போல இரண்டு மடங்கு. அடுத்து ஆட்டோ போல்ட் ரிலீஸ் என்ற சின்னத் தகடு, மேலே சொன்ன நெம்புத் தொல்லை அதோடு தீரும். பின்னால் இருக்கும் இரும்புத் தடுப்பு ஆணிக்குப் பதிலாக ரப்பர் போன்ற ஒரு ஆணி போட்டால் டக் டக் சத்தம் குறையும், குறிக்கு ஒன்றும் ஆகாது. கனமான புல் பேரல் கடைசி. அதற்குக் கட்டையையும் செதுக்கவோ மாற்றவோ வேண்டும், துப்பாக்கி பாரமாகும், பையன் தூக்கிச் சுடுவதற்கென்று வாங்கியது என்றால் அர்த்தமே போய்விடும். இறுக்கமான பென்ட்ஸ் அறை உள்ள பேரல் போட்டால் சிசிஐ ஸ்டிங்கர் மாதிரி கூடு (குண்டைப் பிடித்திருக்கும் உலோக உறை) நீளமான தோட்டாக்களைப் போடக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. சாவேஜ் 64 மலிவு, சுடும், கழற்றும் மேகசின், ஆனால் பாகங்கள் சந்தையில் அதிகம் இல்லை. சாவேஜின் ஏ22இல் ஆலையிலிருந்தே நல்ல ட்ரிகர் வருகிறது, அப்கிரேடு செய்யும் எண்ணமே இல்லாதவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி 15-22, ஏஆர்-15 வகைத் துப்பாக்கி பழகியவர்களுக்குக் கைக்குப் பொருந்தும், சில மாநிலங்களில் அந்த வடிவத்துக்கே கட்டுப்பாடு உண்டு. பழைய ரெமிங்டன் நைலான் 66 யாராவது விற்றால் அழகுக்காக வாங்கலாம். 1959இல் டாம் ஃப்ரை என்பவர் அந்தத் துப்பாக்கிகளை வைத்து, மேலே வீசிய 100,010 மரக்கட்டைகளில் ஆறை மட்டும் தவறவிட்டார். ஆனால் முழுக்கப் பிரித்தால் திரும்பச் சேர்ப்பது பெரும் பாடு.

ஆகவே என் பதில்: பிள்ளைகளோடு சேர்ந்து பழக, பல வருடம் வைத்துக்கொள்ள, 10/22. தனியாளாக, பையில் பணம் குறைவு, பொறுமை உண்டு, பஃபர் நன்றாக இருக்கிற மார்லின் கிடைக்கிறது என்றால் அதை விடாதீர்கள். எதை வாங்கினாலும் பூட்டும் பெட்டியின் விலையையும் அன்றைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள், தோட்டாவுக்குத் தனிப் பூட்டு.

அப்புறம் ட்ரிகர் வாங்குவதற்கும் முன்னால் ஐந்து வகைத் தோட்டா, வகைக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். நொடிக்கு 1,070 அடி போகும் சிசிஐ ஸ்டாண்டர்டு ஒன்று, 1,235 அடி போகும் மினி மேக் ஒன்று, மற்றவை உங்கள் கடையில் எப்போதும் கிடைக்கிறவை. ஒரு தாளில் ஐந்து வட்டம், வட்டத்துக்கு ஐந்து தோட்டா, கீழே பெயர், எத்தனை முறை சிக்கியது என்ற கணக்கு. அந்தத் தாள்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மார்லின் ஸ்டாண்டர்டைத்தான் நெருக்கமாகப் போட்டது. அதே பெட்டியை 10/22இல் போட்டால், குளிர் நாட்களில் போல்ட் முழுக்கப் பின்னால் போகாமல் காலிக் கூடு நடுவிலேயே நின்றது. மினி மேக் போட்ட பக்கத்தில் சிக்கல் கணக்கு பூஜ்யம்.