நெத்திலிக்கு லெவல் 15-ஆ? பையனுக்கு ரூன்ஸ்கேப் போட்டுக் கொடுத்த கதை

தக்கலையில் இருக்கிற நண்பன் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். "மக்கா, உனக்க பய ஒரு கேம் ஆடுவானே, வாளும் சூனியக்காரனும் வருமே, அத எனக்க பயலுக்கும் போட்டுக் குடுக்கலாமா? லீவு விட்டாச்சு, வீட்டுல இருக்க விடமாட்டேங்கான்."

அவன் கேட்டது ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பைப் பற்றி, இணையத்தில் ஊர்ஊராக இருக்கிற ஆட்கள் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடுகிற கேம். எப்படி இறக்குவது, எந்த போனில் ஓடும் என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. நாகர்கோவில் ப்ரௌசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடின எங்கள் செட்டுக்கு அறிமுகமே வேண்டாம். அன்றைக்கு நாங்கள் ஆடின ரூன்ஸ்கேப்பின் 2007 ஆகஸ்ட் மாதப் பதிப்பைத்தான் 2013-இல் தூசி தட்டித் திரும்ப விட்டார்கள். 2018-இல் போனுக்கும் வந்தது. படம் சதுரம் சதுரமாகத்தான் இருக்கும். அந்த உலகமே 0.6 விநாடிக்கு ஒருதடவைதான் நகரும் என்பதால், மழை வந்தால் ரெண்டு கட்டைக்கு இறங்கிவிடுகிற எங்கள் வீட்டு சிக்னலிலும் ஆடலாம். சந்தா கட்டாமலே மாசக்கணக்கில் ஆட விஷயம் இருக்கிறது.

மகனுக்கு 14 வயது. 13 ஆகாமல் கணக்குத் தொடங்கக் கூடாது என்பது விதி. அதனால் 10 வயது மகளுக்குக் கணக்கு கிடையாது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது அவள் வேலை.

நான் எதிர்பார்த்தது சண்டையும் மந்திரமும். பையன் போய் உட்கார்ந்ததோ மீன் பிடிக்கிற இடத்தில். குளச்சல் பக்கம் வீடு, கடலில் கிடந்தவர் என் அப்பா, அவர் பேரன் மந்திரக்கோலை விட்டுவிட்டு வலையை எடுத்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லைதான். ஆனால் அதற்கப்புறம் நடந்ததை நான் நினைத்தே பார்க்கவில்லை. வீட்டில் போனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பாட்டா, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ட்ரேனார் என்ற ஊர்க் கரையில் சின்ன வலை போட்டால் மீன்பிடித் திறனின் முதல் லெவலிலேயே இறால் விழும். நெத்திலிக்கு லெவல் 15 ஆக வேண்டும். பாட்டாவுக்கு இது பொறுக்கவில்லை. "றாலு சும்மா கிடைக்குமாம், நெத்திலிக்குப் படிச்சு வரணுமாம். எவன்லே இத எழுதினவன்? கரையில வந்து ஒரு ஏலம் பாத்திருப்பானா?" பையன் பொறுமையாக அட்டவணையைக் காட்டினான்: 35-இல் சூரை, 40-இல் சிங்கி றால், 50-இல் வாள்மீன். சிங்கியைக் கூடு வைத்துப் பிடிக்கிறான் என்றதும் கொஞ்சம் சமாதானமானார். சூரையை எறியீட்டியால் குத்துகிறான் என்றதும் திரும்பக் கோபம். பிறகு ஒரு நாள் கேட்டார்: "மக்களே, அங்க தடைக்காலம் கெடையாதா?" எங்கள் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை 61 நாளும் விசைப்படகு துறைமுகத்தில்தான். அந்த உலகத்தில் வருஷம் முழுக்கப் பிடிக்கலாம், மீன் தீரவே தீராது என்று பையன் சொன்னதும், "அப்ப அது கடலே இல்ல" என்று எழுந்து போனார். மறுநாள் சாயங்காலம் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

சிங்கி பிடிக்கக் கராம்ஜா தீவுக்குப் போக வேண்டும். போர்ட் சாரிமில் இருந்து கப்பல் கூலி 30 காசு, திரும்பி வரவும் 30. முதல்தடவை பையன் திரும்பக் காசில்லாமல் மாட்டிக்கொண்டான். அங்கே ஒரு வாழைத்தோட்டக்காரன் உண்டு. பெட்டியில் 10 பழம் அடுக்கிக் கொடுத்தால் சரியாக 30 காசு தருவான். பையன் மரம் மரமாகப் பறித்து அடுக்க, மகள் கேட்கிறாள்: "அப்பா, அது மட்டியா, ஏத்தனா?" இந்த இடத்தில் இந்த கேமை உண்டாக்கினவர்களுக்குக் கைகொடுக்கத் தோன்றியது. காசு தீர்ந்துவிட்டால் விளம்பரம் பார், கார்டைத் தேய் என்று வாய் பிளந்து நிற்கிற கேம்களுக்கு மத்தியில், போய்க் கூலிவேலை பார்த்துட்டு வா என்கிறது இது.

கணக்கும் படிந்தது. உச்ச லெவல் 99-க்கு 1,30,34,431 புள்ளி வேண்டும். பையன் 92 வந்தால் முடிந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தான். அட்டவணையைப் பார்த்தால் 92 என்பது பாதி வழி. ஒரு சாயங்காலம் முழுக்க நோட்டில் கூட்டிக் கழித்துவிட்டு, "அப்பா, இது ஏமாத்து" என்றான். கூட்டுவட்டியை அவனுக்கு விளங்கவைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்ததில்லை.

இவ்வளவு நல்லது சொல்லியாச்சா? இனி எரிச்சல்.

கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தைக்குள் காலை வைத்தால் ஆளாளுக்குத் தலைக்குமேல் மஞ்சள் எழுத்து. 'பணத்தை ரெட்டிப்பாக்கித் தருகிறேன்.' முதலில் சின்னத் தொகையை நிஜமாகவே ரெட்டிப்பாக்கித் தருவான், பெரிய தொகை கை மாறினதும் ஆள் இருக்கமாட்டான். நம்ம ஜில்லாவில் பைனான்ஸ்காரனிடம் போட்டுத் தொலைத்த கதை இல்லாத குடும்பம் எது? அதனால் பையன் அதில் விழவில்லை. விழுந்தது வேறொன்றில். ஒருத்தன் அரைமணி நேரம் 'ப்ரோ, ப்ரோ' என்று சிநேகம் பேசி, நல்ல இடம் காட்டுகிறேன் என்று வடக்கே வில்டர்னஸுக்குக் கூட்டிப் போனான். எல்லையில் ஒரு பள்ளம், தாண்டும்முன் எச்சரிக்கையும் வரும். உள்ளே ஆளை ஆள் வெட்டலாம். வெட்டினான். விலை கூடின மூன்று பொருள் நம்மிடம் நிற்கும், மிச்சமெல்லாம் கொன்றவனுக்கு. போனது பையன் சுட்டு வைத்திருந்த சிங்கியும் கொஞ்சம் காசும்தான். விதியும் அப்படித்தான், எச்சரிக்கையும் கொடுத்தார்கள், கேமைக் குறை சொல்ல நியாயமில்லை. தெரிகிறது. ஆனாலும் ஒரு பிள்ளையிடம் பத்து சிங்கிக்காக அரைமணி நேரம் தேனொழுகப் பேசுகிற அவன் யார்? எந்த ஊரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்? அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பையன் மறுநாளே மறந்துவிட்டான், எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே தக்கலைக்காரா, வேண்டாம். மேலே எழுதினதெல்லாம் உண்மை, இருந்தாலும் வேண்டாம். பக்கத்தில் உட்கார ஆளில்லாத வீட்டில் போனைக் கையில் கொடுத்துவிட்டு நீ கடைக்குப் போகிற சங்கதி இது இல்லை.

மீறிப் போடுகிறவர்களுக்கு: பொதுப் பேச்சு, வியாபாரம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். பேச்சுப் பெட்டியை ஒட்டி வரிசையாக இருக்கிற பொத்தான்களிலேயே அது முடியும். இல்லையென்றால் ஆரம்பத்திலேயே ஐயன்மேன் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் அடுத்தவனிடம் வாங்கவும் விற்கவும் வழியே கிடையாது. எல்லாம் தானே பிடித்து, தானே சுட்டுத் தின்ன வேண்டும். பையன் இப்போது ஆடுவது அதுதான், அதுதான் ருசியும். தோல் கருகின சிங்கிக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

2025 நவம்பரில் கடலோட்டத்தை 24-ஆவது திறனாகச் சேர்த்திருக்கிறார்கள். சொந்தப் படகு கட்டி ஓட்டலாம், ஆனால் சந்தா கட்டினவர்களுக்கு மட்டும். மாசாமாசம் கட்ட முடியாது என்று நான் சொல்லியாச்சு. பாட்டா தன் கைக்காசைத் தருவதாகப் பையனிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் படகு எப்படிக் கட்டுகிறார்கள் என்று அவருக்குப் பார்க்க வேண்டுமாம்.