மாக்ஸ் ஷ்மெலிங் ஹாலேயில் ஹேண்ட்பால்: கோலுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள்

பெர்லினில் விளையாட்டுப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் எல்லோரும் கால்பந்தைத்தான் சொல்வார்கள். நான் சொல்வது ஃப்யூக்ஸே பெர்லின் அணியின் ஹேண்ட்பால் ஆட்டம். கொடுக்கிற காசுக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல மாலை கிடையாது.

யு2 ரயிலில் எபர்ஸ்வால்டர் ஷ்ட்ராஸேயில் இறங்கினால் மவுவர்பார்க் பூங்கா பக்கமாக நடந்தே போய்விடலாம். அவர்கள் ஆடும் மாக்ஸ் ஷ்மெலிங் ஹாலே அரங்கு 1996-ல் திறந்தது. உள்ளே போனதும் படியிறங்கித்தான் இருக்கைக்கு வரவேண்டும். களத்தின் நீளம் 40 மீட்டர்தான் என்பதால் எந்த வரிசையில் இருந்தாலும் ஆட்டம் கிட்டத்தில் தெரியும்.

ஆனாலும் நடுக்கோட்டுக்கு நேராக இடம் தேடாதீர்கள். அந்தக் கோணத்தைத்தான் டிவி தினமும் காட்டுகிறதே. கோலுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே உட்காருங்கள். கோலைச் சுற்றி வளைவாகப் போட்டிருக்கும் ஆறு மீட்டர் கோட்டில், தாக்கும் அணியின் பிவட் (தடுப்பாளர்களுக்குள்ளேயே நின்று ஆடுபவர்) இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவில் கோலுக்கு முதுகைக் கொடுத்து நிற்பார். பந்து இன்னும் அந்தப் பக்கமே வந்திருக்காது; இங்கே அதற்குள் சட்டையை இழுப்பதும் இடுப்பால் நெட்டுவதும் நடந்துகொண்டிருக்கும். பந்து கைக்கு வந்த அதே நொடியில் அவர் திரும்பியாக வேண்டும். ஹேண்ட்பாலின் உயிரே இந்த மல்லுக்கட்டுதான். பந்தின் பின்னாலேயே ஓடும் கேமராவில் இது பாதிதான் தெரியும்.

அப்புறம், ஆட்டக்காரர்களின் ஷூவைக் கவனியுங்கள். பந்து கையில் ஒட்டுவதற்காகப் பிசின் தடவுவார்கள். அதில் ஒரு உருண்டையை ஷூவிலும் அப்பி வைத்திருப்பார்கள். ஓடுகிற ஓட்டத்தில் குனிந்து விரலால் அதைத் தொட்டுக்கொண்டு எழுவதைப் பார்க்க அவ்வளவு அழகு.

மத்தியாஸ் கிட்செலுக்காக மட்டுமே டிக்கெட் வாங்கலாம். டென்மார்க்காரர், இடது கை. இந்த ஆட்டத்துக்கு ஒல்லியான உடம்புதான். ஆனால் தடுப்பாளர் ஒரு கால் தப்பாக வைத்தால் போதும், அந்தச் சந்தில் புகுந்துவிடுவார். 2024-25 பருவத்தில் ஃப்யூக்ஸே முதன்முறையாக ஜெர்மன் சாம்பியன் ஆனதில் அவர் பங்கு பெரியது. கடைசி நாளில் மன்ஹைமில் ரைன்-நெக்கார் லோவன் அணியை 38-33 என்று வென்று பட்டத்தைப் பிடித்தார்கள். மாக்டெபுர்க் அணி விடாமல் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. அடுத்த வாரமே கொலோனில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அதே மாக்டெபுர்க் 32-26 என்று வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

ஜெர்மன் லீகின் மதிப்பே இப்படிப்பட்ட போட்டிதான். 18 அணிகள், 34 ஆட்டங்கள். கீல் அணி 23 பட்டம் வென்றிருக்கிறது. 2011-12-ல் 34 ஆட்டத்தையும் வென்று ஒரு புள்ளிகூட விடவில்லை. அதே கீல் 2014-ல் ரைன்-நெக்கார் லோவனோடு புள்ளியில் சமமாக நின்று, பருவத்தின் மொத்தக் கோல் வித்தியாசத்தில் வெறும் இரண்டு கோல் முன்னால் இருந்ததால் பட்டத்தைக் கையில் வாங்கியது. பருவம் முழுக்க அடித்த, விட்ட ஒவ்வொரு கோலும் கணக்குக்கு வரும் என்று தெரிந்தால், தோற்கப்போகிற அணி கடைசி நிமிடத்தில் ஒரு கோலுக்காக உயிரைக் கொடுத்து ஓடுவதன் அர்த்தம் புரியும்.

எனக்குள்ள ஒரே வருத்தம் ஆட்டங்களின் நெருக்கம். லீக், கோப்பை, ஐரோப்பியப் போட்டிகள், நடுவில் ஜனவரியில் தேசிய அணி. இவ்வளவையும் தாங்கச் சொல்வது ஆட்டக்காரர்களின் முழங்காலுக்கும் தோளுக்கும் செய்யும் அநியாயம். லீக் இதைக் குறைத்தே ஆகவேண்டும்.

சத்தம் அதிகம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் காதுக்கு மூடி எடுத்துப் போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லை. தட்டிச் சத்தம் எழுப்பும் மடிப்பு அட்டையைக் கொடுத்தால் ஒரு மணி நேரமும் தட்டித் தீர்த்துவிடுவார்கள். விதி தெரியாதே என்ற தயக்கமும் வேண்டாம். பத்து நிமிடம் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

மாக்டெபுர்க், கீல், ஃப்ளென்ஸ்புர்க் வரும் ஆட்டங்களுக்கு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முதல் தடவை என்றால் பட்டியலில் கீழே இருக்கும் அணி வரும் நாளே போதும். கோலுக்குப் பின்னால் நல்ல இடமும் கிடைக்கும்.