மலைப்பக்கமா, கடல்பக்கமா? மூன்று தலைமுறை சேர்ந்து வரும் குமரிப் பயணம்

குமரி மாவட்டத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: விடியற்காலையில் சூரிய உதயம், பிறகு படகு, பதினோரு மணிக்குப் பத்மநாபபுரம், மதியம் திற்பரப்பு, மாலையில் மாத்தூர் தொட்டிப் பாலம், இருட்டுவதற்குள் முட்டம். வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே பக்கத்தில்தான். ஆனால் நாகர்கோவிலிலிருந்து திற்பரப்புக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தக்கலை, அழகியமண்டபம் என்று ஒரு கடைத்தெரு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும், வண்டி ஊர்ந்துதான் போகும். ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு நடுவில் ஒருமுறை கழிப்பறை வேண்டும், நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டுமுறை வேண்டும். திட்டம் அங்கேயே சிதறிவிடும்.

ஆகவே ஒரு நாளுக்கு ஒரு திசை. எந்தத் திசை என்பதை வீட்டில் மூத்தவரின் முட்டு முடிவு செய்யட்டும். அவரால் இருபது படி ஏற முடியுமா, கைப்பிடி இல்லாமல் இறங்க முடியுமா என்று கிளம்புமுன் கேட்டுவிடுங்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, நான் வருவேன்" என்பார்கள். வீட்டு மாடிப்படியை எப்படி இறங்குகிறார்கள் என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

படம் பிடித்த இடங்கள்: முட்டமும் அரண்மனையும்

படப்பிடிப்பு இடம் என்றதும் பிள்ளைகளுக்காகத்தான் என்று நினைக்கிறோம். குமரியில் அது தலைகீழ். முட்டத்தில் எடுத்த 'அலைகள் ஓய்வதில்லை' வந்தது 1981-ல், 'கடலோரக் கவிதைகள்' 1986-ல். கொட்டகையில் அந்தப் படங்களைப் பார்த்தபோது இருபது வயதில் இருந்தவர்கள்தான் இன்றைய தாத்தா பாட்டிகள். அந்தப் பாறைகளையும் அலையையும் பார்த்ததும் முகம் மலர்வது அவர்களுக்குத்தான். பேரப்பிள்ளைகளுக்கு அது ஏறிக் குதிக்க ஒரு பாறைக்கூட்டம், அவ்வளவே. பத்மநாபபுரம் அரண்மனை நடுத் தலைமுறைக்கு உரியது. 1993-ல் வந்த 'மணிச்சித்திரத்தாழு' மலையாளப் படத்தின் சில பகுதிகள் அங்கே எடுக்கப்பட்டவை. அப்பா, அம்மா, மாமா, அத்தை எல்லோரும் அந்தக் கதையைப் பேசிக்கொண்டே நடப்பார்கள்.

உடம்புக்கு எது லேசு என்று கேட்டால் முட்டம்தான். மேலே சாலையோரம் வண்டி நிற்கும், உட்கார்ந்தபடியே கடல் தெரியும், கீழே இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்தால் வெயிலும் தாழ்ந்திருக்கும், சூரியன் கடலில் இறங்குவதையும் பார்க்கலாம். பெரியவருக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரே கண்டிப்பு, அலை தொடும் பாறையில் யாரும் நின்று படம் எடுக்கக் கூடாது. பாசி படிந்த பாறை காய்ந்திருந்தாலும் வழுக்கும். பத்து அலை சின்னதாக வந்து பதினோராவது இடுப்பளவு வரும்.

அரண்மனையை எளிது என்று எண்ணி வருபவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். முகப்பு மண்டபமான பூமுகத்துக்குள் நுழைந்து, மரச் செதுக்கலும் குதிரை விளக்கும் பார்த்து முடிப்பதற்குள் ஒரு செங்குத்தான மரப்படி வந்துவிடும். குறுகல், ஆள் பின்னால் ஆள். ஏறினால்தான் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை. அதன் பிறகும் ஏறி இறங்கும் படிகள், தலை இடிக்கும் நிலைவாசல்கள். பார்வையாளர்கள் ஒரே திசையில் நகர்வதால் பாதியில் திரும்புவது கூட்டத்துக்கு எதிராக நீந்துவதுபோல் ஆகிவிடும். செருப்பு வாசலிலேயே. கறுத்த தரை கண்ணாடிபோல் வழவழப்பு, காலுறையோடு நடந்தால் சறுக்கும். வெறுங்காலே நல்லது.

முட்டு வலி உள்ளவரைப் பூமுகத்தைக் காட்டியதும் வெளி முற்றத்து நிழலில் உட்கார வைத்து, துணைக்கு ஒருவர் இருந்துகொள்ளுங்கள். பாதி பேர் சுற்றி வந்ததும் ஆள் மாறலாம். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை. பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் அவசரமாகத் துரத்தப்பட்டதுபோல் இருக்கும். காலை 9 மணிக்கே வாசலில் இருந்தால் பள்ளிக்கூடச் சுற்றுலாப் பேருந்துகள் வருமுன் மாடிப்படியைக் கடந்துவிடலாம்.

மலைப்பக்கம்: தண்ணீர் உண்டு, படியும் உண்டு

திற்பரப்பில் குழந்தைகளை வெளியே கூட்டி வருவதுதான் கஷ்டம். கோதையாறு பாறைமேல் சுமார் 50 அடி விழுகிறது, கீழே குழந்தைகளுக்கான நீச்சல்குளம், பக்கத்திலேயே மகாதேவர் கோவில். குளிக்காத பெரியவர்களும் பார்த்துக்கொண்டு உட்கார இடம் உண்டு. உலக்கை அருவி அழகில் குறைந்ததில்லை, ஆனால் காட்டுவழியில் நடந்து ஏற வேண்டும். மூன்று தலைமுறைக்கு அது வேண்டாம், கல்லூரிப் பிள்ளைகள் தனியாகப் போகட்டும்.

திற்பரப்பில் நடப்பது இரண்டு வகைத் தொல்லை. ஒன்று, தலையிலும் உடம்பிலும் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்கு வருவது. அந்த எண்ணெய் பாறைக்கு இறங்கி, நமக்குப் பின்னால் வரும் குழந்தையின் காலை வழுக்கிவிடும். மற்றொன்று, மழைநாளில் முன்னறிவு இல்லாமல் வருவது. ஊரில் வெயிலடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்தால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும், இரண்டு பருவமழைக்கும், இந்த வாய்ப்பு உண்டு. கிளம்பும் காலையில் திற்பரப்பில் ஒரு கடைக்காரரிடம் போன் போட்டுக் கேட்பதே போதும். தண்ணீர் கலங்கிச் செந்நிறமாக வந்தால், தடை இல்லாவிட்டாலும் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

அங்கிருந்து மாத்தூர். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்க, 1966-ல் கட்டிய தொட்டிப் பாலம். வாய்க்கால் நீரை ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கொண்டுபோவதற்காகக் கட்டியது. பெரியவர்களுக்கும் இது ஏற்றது, ஏனென்றால் மேலே நடப்பது முழுக்கச் சமதளம். ஆனால் நடைபாதை குறுகல், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். உயரத்தைக் கண்டால் தலை சுற்றும் என்பவர்கள் முனையிலேயே நின்று பார்க்கலாம். 384 மீட்டருக்குத் துளி நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் கான்கிரீட் சுடும், நான்கு மணிக்குப் பிறகுதான் ஆறும். தூண்களைக் கீழிருந்து பார்க்கும் அந்தப் பிரபலமான கோணம் வேண்டுமென்றால் ஆற்றுக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டு இருக்கிறது. இறங்கியவர்கள் ஏறியாக வேண்டும், இளைஞர்களோடு அது முடியட்டும்.

சிதறால் மலைக்கோவிலைப் பட்டியலில் சேர்ப்பதா? 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டு, பாறைச் சுனை. மாவட்டத்தில் நாங்கள் மிகவும் நேசிக்கும் இடம் அது. ஆனாலும் அடிவாரத்திலிருந்து கல் பதித்த ஏற்றத்தில் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், வண்டி மேலே போகாது. முட்டு நன்றாக இருக்கும் குடும்பத்துக்கு அரண்மனையைவிட இதையே சொல்வோம். மற்றவர்கள் அந்த நேரத்தில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்கலாம். 22 அடி நீளச் சயனக் கோலம், மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். அங்கும் படிகள் உண்டு, மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்.

படகா, வட்டக்கோட்டையா?

விவேகானந்தர் பாறையிலிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்குப் போகும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறந்ததிலிருந்து எல்லோருக்கும் அதில் நடக்க ஆசை. ஒரு படகுப் பயணத்தில் இரண்டையும் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் வரிசை நீளம், ஆடும் படகில் கால் வைத்து ஏற வேண்டும். விடுமுறை நாளில் பாட்டியை அந்த வரிசையில் நிறுத்துவது பாவம். அவர்களுக்கு அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. கோட்டைக்குள் மரநிழல், மதில்மேல் ஏறச் சாய்வுப் பாதை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. முக்காலியில் கேமரா வைத்துப் படம் பிடிப்பதானால், இங்கும் சிதறாலிலும் மத்தியத் தொல்லியல் துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். கைபேசியில் எடுப்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

கடலோரத்தை எளிது என்று சொன்னதால் அபாயம் குறைவு என்று பொருளில்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த இளைஞர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. காற்றே இல்லாமல், எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து எழும். இந்த அலையெழுச்சிக்குக் 'கள்ளக்கடல்' என்ற பெயர் அதனால்தான். எச்சரிக்கை வந்த நாளில் மணலில்கூட நிற்க வேண்டாம், அன்றைக்கு மலைப்பக்கம் போங்கள்.

ஒரு வேனா, இரண்டு காரா?

பன்னிரண்டு பேர் என்றால் எல்லோரும் வேன் பிடிக்கிறார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு போக அது நல்லது. ஆனால் வேன் படி உயரம், ஒரு சிறு மர ஸ்டூலாவது உள்ளே கிடக்க வேண்டும். கடைசி இருக்கை பின்சக்கரத்துக்கு மேல் தூக்கிப் போடும், பெரியவர்களை ஓட்டுநருக்குப் பின்வரிசையில் உட்கார்த்துங்கள். எங்கள் வாக்கு இரண்டு காருக்கே. தாத்தாவுக்குக் களைப்பு வந்தால் ஒரு கார் விடுதிக்குத் திரும்பும், இன்னொன்று மாத்தூர் போகும். வேனில் ஒருவர் களைத்தால் பன்னிரண்டு பேரும் திரும்ப வேண்டும்.

இரண்டு நாள் என்றால் நாகர்கோவிலில் தங்கி, முதல் நாள் அரண்மனையும் முட்டமும், மறுநாள் காலை ஏழுக்கே கிளம்பித் திற்பரப்பு, பிறகு மதியச் சாப்பாடும் தூக்கமும், நான்கரைக்கு மாத்தூர். மலைப்பக்கம் குலசேகரம், திருவட்டாறு தாண்டினால் பெரிய உணவகம் அரிது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் இருந்தால் கட்டுச்சோறு கையில் இருக்கட்டும். குழந்தைகளுக்கு வழியோரக் கடையில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்குங்கள். இந்த ஊரில் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் அது, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோல் மஞ்சளாகிக் கறுப்புப் புள்ளி விழத் தொடங்கியதாகப் பார்த்து எடுங்கள், அன்றைக்கே தின்னலாம்.