தையல் இயந்திரக் கால்களில் ஓர் எழுதுமேசை: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய சிங்கர் தையல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புக் கால்களின் மேல், இடிக்கப்பட்ட வீடொன்றின் தேக்குக் கதவுப் பலகையைப் பொருத்திச் செய்த மேசை சில ஆண்டுகளாக என் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. இத்தகைய மேசைகளின் படங்கள் ஏராளமாகக் காணக் கிடைக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் மெருகு காயாத நாளில் எடுக்கப்பட்டவை. நான்கைந்து மழைக்காலம் கண்ட பிறகு அந்த மேசை எப்படி இருக்கிறது என்பதே வாங்க நினைப்பவருக்கு உதவும்.

சந்தையில் பெரும்பாலும் தலையில்லாத கால்கள்தாம் கிடைக்கும். வரிசை எண் மேலே இருந்த இயந்திரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், கால்களை மட்டும் வைத்து ஆண்டைக் கணிப்பது கடினம். விற்பவர் சொல்லும் 'நூறு வருசத்துப் பழசு' என்பதற்கு விலை கொடுக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியது விரிசலை. வார்ப்பிரும்பு எடை தாங்கும், ஆனால் அடி தாங்காது; லாரியிலிருந்து இறக்கும்போது ஒருமுறை விழுந்தாலே கீறல் விட்டுவிடும். சாதாரண வெல்டிங்கில் அது நன்றாக ஒட்டுவதும் இல்லை. நாணயத்தால் தட்டிப் பார்த்தால் முழுமையான வார்ப்பு கணீரென்று ஒலிக்கும். விரிசல் உள்ளது மந்தமாக ஒலிக்கும். இரு பக்கக் கால்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட் துளைகளைச் சுற்றி இன்னும் கவனமாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய பெயிண்டை அகற்றும்போது உப்புத்தாளால் உலர்நிலையில் தேய்க்காமல் இருப்பது நல்லது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளின் தூசியை நம்ப முடியாது. நான் ரசாயன நீக்கியைப் பூசி, ஊறியதைக் கம்பி பிரஷால் ஈரத்தோடு வழித்தெடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமரின் மேல் கறுப்பு எனாமல் அடித்தேன். சென்னையின் உப்புக் காற்றில் அந்தப் பூச்சு பெரும்பாலும் நன்றாகவே நின்றிருக்கிறது. துரு திரும்பியது இரண்டு இடங்களில்தான்: பூவேலைப்பாட்டின் உள்மடிப்புகளிலும், தரையைத் தொடும் சிறு உருளைகளிலும். ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில் அந்த உருளைகள் டைல்ஸில் பழுப்பு வட்டங்களை விட்டுவிடும். எளிதில் போகாத கறை அது. இப்போது ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் கிண்ணம் வைத்திருக்கிறேன்.

இனி பலகை. இந்த வேலையின் வெற்றி தோல்வி முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பழைய தேக்கு நன்றாகக் காய்ந்தது, இனி அசையாது என்று பலர் சொல்வார்கள். காய்ந்த மரமும் காற்றின் ஈரத்துக்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். நீளவாக்கில் மட்டும் மாற்றம் ஏறத்தாழ இல்லை. இரண்டடி அகலமுள்ள என் பலகை ஐப்பசி, கார்த்திகை மழையில் விரிவதையும் சித்திரை வெயிலில் சுருங்குவதையும் திருகுகள் நகர்ந்த தடத்தைக் கொண்டே காணலாம். இரும்போடு இறுகத் திருகப்பட்டிருந்தால் அந்த விசை பலகையை நடுவில் பிளந்திருக்கும். வேலை செய்துகொடுத்த ஆசாரி இரும்புப் பட்டையில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை போட்டு, வாஷரோடு திருகினார்; கூலியில் இதற்கெனத் தனியாக எதுவும் கேட்கவில்லை. பலகை இன்றுவரை வெடிக்கவில்லை.

மெருகுக்கு அவர் அரக்கு கரைத்த ஸ்பிரிட் பாலிஷையே பரிந்துரைத்தார். சூடான காபி டம்ளர் வைத்தால் அதில் வெள்ளை வளையம் விழும். இது உண்மையான குறைதான். ஆனால் ஸ்பிரிட் லேசாக நனைத்த துணியால் ஒற்றித் துடைத்தால் வளையம் மறைந்துவிடுகிறது. கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசலாம். பாலியூரித்தேன் பூச்சு இதைவிட உறுதியானது. உரியத் தொடங்கினால் முழுப் பலகையையும் இழைக்க வேண்டியிருக்கும் என்பதால் நான் அதை விரும்பவில்லை.

உட்காரும் வசதியைப் பற்றி மிகைப்படுத்த மாட்டேன். உயரம் 30 அங்குலம். எழுதவும் படிக்கவும் பொருத்தமானது. நாள் முழுவதும் கணினியில் வேலை செய்பவருக்கு இது உகந்ததல்ல, ஏனெனில் மிதிபலகை இருக்கும் இடத்தில் கால் நீட்ட முடியாது. மிதியில் பாதத்தை வைத்து ஆட்டிக்கொண்டே படிப்பது முதலில் இனிமையாக இருக்கும். பிறகு மேசையின் மெல்லிய அதிர்வு எழுத்தைக் கெடுக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் சக்கரம் சுழலவே கூடாது. அதன் ஆரங்களுக்கிடையில் விரல் சிக்கலாம், புடவைத் தலைப்பும் சிக்கலாம். மிதியையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டைக் கழற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கழற்றிய தண்டையும் அதன் போல்ட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். என் கால்களில் இருந்த மரைக்கு இன்றைய கடை போல்ட் எதுவும் பொருந்தவில்லை.

சிக்கனத்துக்காக இதில் இறங்குவோர் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கால்கள் மலிவாகவே கிடைத்தன; பலகை, ஆசாரி கூலி, பாலிஷ், வண்டி வாடகை எல்லாம் சேர்ந்தபோது கடையில் ஒரு நல்ல ரப்பர்மர மேசை வாங்கும் தொகையைத் தாண்டிவிட்டது.