கூசும் ஒலியை அடக்க: ஈக்வலைசரா, டிஷ்யூ காகிதமா?

சில ஹெட்ஃபோன்களில் பாடகர் ‘ஸ’ என்று உச்சரிக்கும்போதெல்லாம் காதில் ஊசி குத்தும். இந்தக் கூச்சம் பெரும்பாலும் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் குடியிருக்கிறது.

காகித வைத்தியம் எளிது. காது மெத்தையைக் கழற்றி, ஒற்றைப் படலமாகப் பிரித்த டிஷ்யூவை டிரைவருக்கு (உள்ளே ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கருக்கு) முன்னால் வைத்து மூடினால் முடிந்தது. எந்தக் கருவியில் செருகினாலும் பலன் கூடவே வரும். ஆனால் அது குறிபார்த்து அடிப்பதில்லை. ஜால்ராவின் மினுமினுப்பும் சேர்ந்தே மங்கும். பேராசையில் நான்கு படலம் வைத்துப் பார்த்தேன். போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல் ஆகிவிட்டது.

பாராமெட்ரிக் ஈக்வலைசர், அதாவது வேண்டிய அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்து அதன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி, உறுத்தும் இடத்தில் மட்டும் கைவைக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒலியளவைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, சைன் அலையை (ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும் சோதனை ஒலியை) 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ஓரிடத்தில் ஒலி சட்டென்று துள்ளும். அங்கே கியூ மதிப்பு (கூடக் கூட, குறைப்பு விழும் பகுதி குறுகும்) 3, குறைப்பு 4 டெசிபல் என்று தொடங்கி, பாட்டைக் கேட்டுக் கூட்டிக் குறைக்கலாம். துள்ளும் இடம் காதுக்குக் காது மாறும். அடுத்தவர் அளவுகளை அப்படியே நகலெடுத்தால் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இதன் குறை, கைப்பேசியில் அமைத்தது தொலைக்காட்சிக்கு வராது என்பதே. இருந்தாலும் என் ஓட்டு ஈக்வலைசருக்குத்தான். எங்கும் ஒரே ஹெட்ஃபோனை மாற்றி மாற்றிச் செருகுகிறவர் மட்டும் காகிதத்தை எடுக்கட்டும், ஒற்றைப் படலமாக.