குரோட்டனா, கலேடியமா?

மொரீஷியஸில் வீட்டுக்குள் நிறம் வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வண்ண இலைச் செடிகளில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். என் ஓட்டு குரோட்டனுக்கு. ஆனால் போர்ட் லூயிஸ் போன்ற வெப்பமான பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும்.

குரோட்டனுக்கு வெளிச்சம்தான் எல்லாம். ஜன்னலோரம் நல்ல வெயில் கிடைத்தால் சிவப்பும் மஞ்சளும் ஏறும். இருட்டு மூலையில் வைத்தால் புது இலை பச்சையாகவே வரும். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும். உடனே தூக்கி எறிய வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, திரும்பத் துளிர்க்கும். இலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது சிலந்திப்பேன்; ஈரத்துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். வெட்டும்போது வடியும் பால் தோலில் அரிக்கும், கையுறை நல்லது.

கலேடியம் வேறு ரகம். நேர் வெயில் பட்டால் காகிதம் போன்ற அந்த இலை கருகிவிடும். வடிகட்டிய வெளிச்சம் போதும். தீபாவளி வாக்கில் கிழங்கை 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால், தைப்பூசக் காவடி சமயத்தில் இலை தளதளவென்று நிற்கும். மே மாதத்துக்கு மேல், இங்கே குளிர் தொடங்கும்போது, வாடிப் படுத்துவிடும். செத்துப்போகவில்லை, உறங்குகிறது. தண்ணீரை நிறுத்துங்கள், இல்லையென்றால் கிழங்கு அழுகும்.

சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்ப்பீப் நகரின் குளிரில் குரோட்டன் திணறும். அங்கே கலேடியமே சரி. குளிர்காலத்தில் கிழங்கை எடுத்து உலர்ந்த மணலில், வீட்டின் கதகதப்பான இடத்தில் வைக்கலாம். வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் இரண்டையுமே உயரத்தில் வையுங்கள். கலேடியம் இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.