சதுப்புக்கு எல்லை போட: செயற்கைக்கோள் படமா, மண்வெட்டியா?

நீலகிரியில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே கிடக்கும் சதுப்பைப் படத்தை வைத்தும் வரையலாம், நேரில் தோண்டிப் பார்த்தும் வரையலாம்.

படத்தின் பலம் பரப்பு. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் இலவசம், மாவட்டம் முழுவதையும் உட்கார்ந்த இடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அதில் ஒரு கட்டமே (பிக்சல்) தரையில் 10 மீட்டர், குறுகலான சதுப்பு அதில் கரைந்துபோகும். தென்மேற்குப் பருவத்தில் மேகமும் விலகாது. இதைவிடப் பெரிய சிக்கல், வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் கேரட் போட்ட சதுப்பு படத்தில் வெறும் தோட்டமாகத்தான் தெரியும்.

மண் அவ்வளவு சீக்கிரம் மாறாது. கோரை நிற்கும் நடுப்பகுதியில் தொடங்கி மேட்டைப் பார்த்து நடந்து, சில அடிகளுக்கு ஒருமுறை ஒரு முழம் தோண்டுங்கள். முதலில் செடிகொடி மட்கிச் சேர்ந்த கறுப்புக் கரிமண் வரும் (இந்த மலையில் 20,000 ஆண்டுகளுக்கு மேல் பழையதுகூட உண்டு), அப்புறம் சாம்பல் நிற மண்ணில் வேர் போன தடத்தை ஒட்டித் துருநிறக் கோடுகள் தெரியும். நீர் நின்று காற்றில்லாமல் போன மண்ணில் இரும்பு கரைந்து, வேர் வழியே காற்று பட்ட இடத்தில் மட்டும் துருவாகப் படிந்ததுதான் அது. அந்த அடையாளம் நின்று செம்மண் தொடங்கும் இடம்தான் எல்லை, அங்கே ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள்.

என்னைக் கேட்டால், எங்கே தேடுவது என்பதற்குப் படம், கோடு போட மண்வெட்டி. இஸ்ரோவின் தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்தவை வெறும் புள்ளிகள்தான். அவற்றுக்கு நடந்துதான் ஆக வேண்டும். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்குங்கள், அதிகாலையில் போகாதீர்கள், காட்டெருமை மேயும் நேரம்.